குசினி எங்கே, ரெமி?

பாரிஸுக்குப் போய் எலி ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் என்று எங்கள் நாலு பேருக்கும் வகுப்பில் 'எலிப்படை' என்று பெயர் வைத்தாகிவிட்டது. போனது 2023 அக்டோபரில். பெயர் இன்னும் ஒழிந்தபாடில்லை. போன வாரம்கூட கேன்டீனில் ஒருத்தன் என் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு "சீஸ் போதுமாடா?" என்றான். சிரித்து வைத்தேன். ஆனால் எனக்கு அந்தக் கடையின் மேல் நிஜமாகவே ஒரு கோபம் இருக்கிறது. அது இவர்கள் நினைக்கிற கோபம் இல்லை. அதைச் சொல்லித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளம்தான். டீ போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

முதலில் தெரியாதவர்களுக்கு. 'ரட்டட்டூய்' என்று 2007-ல் பிக்ஸார் எடுத்த அனிமேஷன் படம். பிராட் பேர்ட் இயக்கம். ரெமி என்கிற எலிக்குச் சமையல் பைத்தியம். பாரிஸில் குஸ்தோ என்ற பெரிய சமையல்காரரின் உணவகத்துக்குள் வந்து விழுகிறது. லிங்குவினி என்கிற எடுபிடிப் பையனின் தொப்பிக்குள் ஒளிந்துகொண்டு, அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்து இழுத்து அவன் கையால் சமைக்கிறது. ஊரே சாப்பிட்டு மயங்குகிறது. சமைத்தது யார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. 2008-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திவிட்டு முதலில் படத்தைப் பாருங்கள். நான் எழுதியதை அப்புறம் படித்தால் போதும்.

டிஸ்னிலேண்ட் பாரிஸின் இரண்டாவது பூங்காவில் 2014 ஜூலையில் இந்தப் படத்தை வைத்து ஒரு சவாரி திறந்தார்கள். எலி வடிவ வண்டியில் உட்கார்த்தி அடுப்புக்கு அடியிலும் அலமாரிக்கு அடியிலும் ஓட்டிக்கொண்டு போவார்கள். பக்கத்திலேயே ஒரு உணவகம்: 'பிஸ்ட்ரோ ஷே ரெமி'. ரெமி வீட்டுச் சாப்பாட்டுக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனால் நீங்கள் எலி. அதாவது எல்லாப் பொருளும் எலியின் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கும். ஜாம் பாட்டில் மூடிதான் மேஜை. ஷாம்பெயின் பாட்டிலின் கம்பி மூடிதான் நாற்காலி. காக்டெயிலில் குத்தி வைப்பார்களே, அந்தக் காகிதக் குடை தலைக்கு மேலே பந்தல் மாதிரி விரிந்திருக்கும். ஆள் உயரப் பீங்கான் தட்டுகளை நிறுத்தி வைத்துத் தடுப்பு. கிறிஸ்துமஸ் விளக்குச் சரம் தொங்கும். படத்தின் கடைசியில் எலிகள் தங்களுக்கென்று மேலே ஒரு சாப்பாட்டுக்கூடம் வைத்திருக்குமே, அதை அப்படியே ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

பொய் சொல்ல மாட்டேன். உள்ளே நுழைந்ததும் வாய் பிளந்தேன். நாற்பது போட்டோ எடுத்தேன். மாட்டிறைச்சியும் வறுத்த உருளைக்கிழங்கும் வந்தது, பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் ரட்டட்டூய். சாப்பாட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எலிப்படை என்று கேலி செய்கிற கோஷ்டி "சாப்பாடு எப்படியும் கேவலமாகத்தான் இருந்திருக்கும்" என்று முடிவே கட்டிவிட்டது.

அந்தக் கோஷ்டியை முதலில் கவனிப்போம். அவர்கள் வாதம் என்ன? "பாரிஸுக்குப் போனால் உண்மையான பிரெஞ்சு உணவகத்தில் சாப்பிட வேண்டும். உள்ளூர்க்காரன் சாப்பிடுகிற இடத்தில் சாப்பிட வேண்டும். கார்ட்டூன் கடைக்குப் போவது குழந்தைத்தனம்."

உண்மையான உணவகமாம். இந்தப் படத்துக்காக ஆராய்ச்சி செய்யப் போன பிக்ஸார்க்காரர்கள் பாரிஸின் பெரிய பெரிய உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கம்பெனிக் காசு. என்னிடம் இருந்தது ஸார்ப்ருக்கனிலிருந்து பாரிஸ் போய்வர ஒரு மலிவு டிக்கெட்டும், வாரத்தில் இரண்டு நாள் ஒரு ஜெர்மன் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவிச் சேர்த்த கொஞ்சம் யூரோவும். அந்தக் காசில் நான்கு மாதம் முன்பே திட்டம் போட்டு ஒரு வேளை எலிக்கடையில் சாப்பிட்டேன். பதின்மூன்று வயதில் பிடித்த படம். குழந்தைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். குழந்தைத்தனம் ஒன்றும் குற்றம் இல்லை. "உள்ளூர்க்காரன் சாப்பிடும் இடம்" என்று தேடிப்பிடித்துப் போய், அங்கே தன்னைப் போலவே தேடிப்பிடித்து வந்த இன்னும் முப்பது பேருடன் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

சரி, மேட்டருக்கு வருகிறேன்.

பாரிஸில் நாங்கள் தங்கியது என் அறைத்தோழனின் பெரியப்பா வீட்டில். என் அறைத்தோழன் ஜெர்மனியில் பிறந்த ஈழத்துப் பையன். பெரியப்பா 1989-ல் பிரான்சுக்கு வந்தவர். லா ஷப்பேல் பக்கம், நம் ஊர் மளிகைக் கடைகளுக்கு மேலே மூன்றாவது மாடியில் வீடு. முப்பது வருடத்துக்கு மேல் பிரெஞ்சு உணவகங்களின் குசினியில்தான் வேலை. (குசினி என்றால் யாழ்ப்பாணத்தில் சமையலறை. போர்த்துக்கீசியர் விட்டுவிட்டுப் போன சொல். பாரிஸுக்கு வந்தால் பிரெஞ்சுக்காரனும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறான். அந்த மட்டில் நம்மாட்களுக்கு மொழிப் பிரச்சினை இல்லை :-))

ராத்திரி திரும்பி வந்தபோது அவரும் வேலை முடித்து வந்திருந்தார்.

"எங்கை தம்பியவை போட்டு வாறியள்?"

சொன்னோம். போட்டோக்களைக் காட்டினோம். ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார்.

"இஞ்சை ஒரு எலி ஓடினால் கடையைப் பூட்டிப்போட்டுப் போயிடுவாங்கள். நீங்கள் காசு குடுத்து எலி மாதிரி இருந்து சாப்பிட்டுட்டு வந்திருக்கிறியள்!"

எல்லோரும் சிரித்தோம். அப்புறம் அவர் சாதாரணமாகக் கேட்டார்.

"சரி, சமைச்சது ஆர்?"

தெரியாது பெரியப்பா.

"கோப்பை கழுவினது?"

அதுவும் தெரியாது.

"நீரும் கோப்பை கழுவுற ஆள்தானே தம்பி?"

குத்திக் காட்டவெல்லாம் இல்லை. அவர் அப்படிப்பட்ட மனுஷரே இல்லை. கேட்டுவிட்டு எழுந்து போய்ச் சோறு போட ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் மாட்டிக்கொண்டது. நாற்பது போட்டோ. நாற்காலி, குடை, மேஜை, விளக்கு, என் தட்டு, பக்கத்து மேஜைத் தட்டு. அதில் ஒரு சமையல்காரர் முகம்கூட இல்லை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து சமையலறை தெரியவும் இல்லை. தெரியவில்லையே என்று எனக்குத் தோன்றவும் இல்லை. சனிக்கிழமையானால் முழங்கை வரை சோப்பு நீரில் நிற்கிறவன் நான். எனக்கே தோன்றவில்லை.

இங்கேதான் என் சண்டை ஆரம்பிக்கிறது. இந்தப் படம் எதைப் பற்றியது? எலி அளவு நாற்காலியைப் பற்றியதா? சமையலறையைப் பற்றிய படம் ஐயா அது. சாப்பாட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஆடுகிற அந்தக் கதவைப் பற்றிய படம். கதவுக்கு இந்தப் பக்கம் பாராட்டு வாங்குகிறவன் ஒருத்தன், அந்தப் பக்கம் சமைக்கிறவன் ஒருத்தன். அந்தப் பொய்தான் கதையே.

அந்தச் சமையலறையைக் காட்ட எவ்வளவு மெனக்கெட்டார்கள் தெரியுமா? தாமஸ் கெல்லர் என்கிற அமெரிக்கச் சமையல் மேதை ஆலோசகர். படத்தின் தயாரிப்பாளர் அவருடைய 'பிரெஞ்சு லாண்டரி' உணவகத்தின் சமையலறையில் போய்ப் பயிற்சி எடுத்தார். குப்பைத் தொட்டியை வரைவதற்காக பதினைந்து விதமான காய், பழங்களை அழுகவிட்டுப் படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஸ்டுடியோ தாழ்வாரத்தில் ஒரு வருடத்துக்கு மேல் நிஜ எலிகளை வளர்த்தார்கள். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. எனக்கு அசந்து போனது வேறு. கொலெத் என்று ஒரு சமையல்காரப் பெண் வருவாளே, அவள் கையைக் கவனித்துப் பாருங்கள். சூடு பட்ட தழும்பு இருக்கும். அனிமேஷன் படத்தில் தழும்பு தானாக வராது. யாரோ உட்கார்ந்து வரைந்தால்தான் வரும். எனக்கும் இடது மணிக்கட்டில் ஒன்று இருக்கிறது, அவன் அடுப்பிலிருந்து நேராகத் தொட்டியில் கொண்டுவந்து போட்ட தட்டால் வந்தது. அதனால் இந்த மாதிரி விஷயம் என் கண்ணுக்குச் சீக்கிரம் படும்.

அதே கொலெத் ஒரு காட்சியில் கூட வேலை செய்கிறவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அறிமுகம் செய்வாள். ஒருத்தர் ஜெயிலுக்குப் போய் வந்தவர். ஒருத்தர் சர்க்கஸ்காரர். ஒருத்தர் சூதாடி. ஒன்றரை மணி நேரம் சொச்சம் ஓடுகிற படத்தில், கதைக்கு அவ்வளவு அவசியம் இல்லாத ஆட்களுக்குப் பெயரும் ஊரும் கதையும் சொல்ல நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அப்படி எடுத்த படத்தின் பெயரால் கடை திறக்கும்போது எதை எடுத்துக்கொண்டார்கள்? நாற்காலியை. எதை விட்டார்கள்? அந்த ஆட்களை.

இன்னொன்றையும் விட்டார்கள். பாரிஸில் ஹால் பகுதியில் ஒரு எலி ஒழிப்புக் கடை இருக்கிறது. ஓரூஸ் என்று பெயர். 1872-ல் ஆரம்பித்தது. கண்ணாடி ஜன்னலில் செத்த எலிகளைப் பாடம் செய்து வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். படத்தில் இது வருகிறது. "மனுஷன் நம்மை என்ன செய்வான் பார்" என்று ரெமியை அதன் அப்பா மழையில் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிற இடம். மறுநாள் காலையில் நாங்கள் அங்கே போனோம். காசு வேண்டாம், டிக்கெட் வேண்டாம், வரிசை வேண்டாம். தெருவில் நின்று பார்த்தோம். முந்தின நாள் எலியாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நாங்கள் நாலு பேரும். யாரும் அங்கே போட்டோ எடுக்கவில்லை.

"ஏண்டா, குழந்தைகள் வருகிற இடத்தில் செத்த எலியைத் தொங்கவிடச் சொல்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை சாமி. ஆனால் எலியாக இருப்பது சொகுசு என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். படத்தில் எலியாக இருப்பதன் அர்த்தம், எந்த நிமிஷம் வேண்டுமானாலும் துரத்துவார்கள், ஒளிந்துகொண்டுதான் உழைக்க வேண்டும் என்பது. அதை எடுத்துவிட்டு நாற்காலியை மட்டும் பெரிதாக்கினால், எலியின் இடத்தில் நம்மை உட்கார வைத்ததாக ஆகுமா? நம்முடைய பழைய இடத்திலேயே, வாடிக்கையாளர் இடத்திலேயே, இன்னும் கொஞ்சம் வசதியாக உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஒளிந்துகொண்டு உழைப்பது என்று நான் சும்மா அடித்துவிடவில்லை. பெரியப்பாவுக்கு முதல் ஆறு வருடம் காட் கிடையாது. காட் என்றால் வதிவிட அனுமதி. அன்று ராத்திரி சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"கொன்ரோல் வந்தால் என்னைக் கொண்டுபோய்க் குளிர் அறைக்குள்ளை விட்டுடுவாங்கள். வெங்காய மூட்டைக்குப் பின்னாலை. ஒருக்கா முக்கால் மணித்தியாலம் நிண்டனான். அந்த நேரம் வெளியிலை மேசையிலை இருந்த சனம் நான் வச்ச சோஸைத்தான் நக்கிக்கொண்டிருந்தது."

தொப்பிக்குள் எலி என்றால் குழந்தைகளுக்குச் சிரிப்பு. வெங்காய மூட்டைக்குப் பின்னால் மனிதன் என்றால்?

இது ஒரு பெரியப்பாவின் கதை என்று தள்ளிவிட வேண்டாம். 'ரட்டட்டூய்' பிரான்சில் வெளியானது 2007 ஆகஸ்டில். எட்டு மாதம் கழித்து, 2008 ஏப்ரல் 15-ம் தேதி, பாரிஸ் வட்டாரத்தில் காட் இல்லாத தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சே.ஜே.தே. தொழிற்சங்கம் துணை நின்றது. நிறையப் பேர் உணவகத் தொழிலாளர்கள், பெரும்பாலும் மாலி போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். வருடக்கணக்காகச் சம்பளச் சீட்டோடு வேலை செய்து, வரியும் கட்டி, காட் மட்டும் இல்லாதவர்கள். முழு நகரமும் அன்றைக்குத்தான் இவர்களைப் பார்த்தது. படத்தில் எலி தன்னைக் காட்டிக்கொள்கிற காட்சிக்கு வாய்விட்டு அழுதவர்கள் எத்தனை பேர் அந்த வாரம் அந்த உணவகங்களின் வாசலைத் தாண்டிப் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன், அழுகாச்சி மட்டும் வேண்டாம். பாரிஸ் மாநகராட்சி ஒவ்வொரு வருடமும் ஊரின் சிறந்த பாகெத் ரொட்டி எது என்று போட்டி வைக்கிறது. ஜெயிக்கிறவர் ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி கொடுப்பார். 2023-ல் ஜெயித்தது 20-வது வட்டாரத்தில் கடை வைத்திருக்கிற தர்ஷன் செல்வராஜா. இலங்கையிலிருந்து வந்த தமிழர். நாங்கள் போயிருந்தபோது பெரியப்பா வீட்டில் மூன்று முறை இந்தப் பேச்சு வந்தது, மூன்று முறையும் புதுச்செய்தி மாதிரியே சொன்னார். குஸ்தோ எழுதியதாகப் படத்தில் ஒரு புத்தகம் வருமே, யாரும் சமைக்கலாம் என்று பொருள்படும் தலைப்பில், அதை நிஜத்தில் பார்க்க வேண்டுமானால் 20-வது வட்டாரத்துக்கு மெட்ரோ டிக்கெட் போதும். பூங்கா டிக்கெட் தேவையில்லை.

இப்போது என் கோபத்தின் அடிமடிக்கு வருகிறேன். படத்தில் வில்லன் யார்? ஸ்கின்னர். குட்டையான அந்தத் தலைமைச் சமையல்காரர். அவர் செய்கிற அயோக்கியத்தனம் என்ன? செத்துப்போன குஸ்தோவின் பெயரையும் முகத்தையும் அட்டைப்பெட்டியில் அச்சடித்து உறைந்த பரிட்டோ, உறைந்த பீட்ஸா என்று விற்கிறார். சமையல்காரன் போனபிறகும் அவன் முகம் சம்பாதிக்கிறது. இது தப்பு என்றுதான் படம் நமக்குச் சொல்கிறது. நாமும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே பார்க்கிறோம். பார்த்து முடித்து வெளியே வந்தால், அதே படத்தின் முகத்தைத் தட்டிலும் குடையிலும் பொம்மையிலும் அச்சடித்து விற்கிறார்கள். 2021 அக்டோபரில் ஃப்ளோரிடாவில் அந்தச் சவாரியின் இன்னொரு பிரதியும் வந்துவிட்டது. பிக்ஸாரில் படத்தை எழுதியவர்கள் ஸ்கின்னரைத் தோற்கடித்தார்கள். கணக்குப் பார்க்கிறவர்கள் அவரையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

வேடிக்கையான ஒரு தற்செயல். சவாரி திறந்தது 2014 ஜூலை 10. அதற்கு ஐந்து நாள் கழித்து, ஜூலை 15-ல், பிரெஞ்சு அரசின் ஒரு ஆணை நடைமுறைக்கு வந்தது. கடையிலேயே சமைத்த பதார்த்தத்துக்கு 'வீட்டுப் பக்குவம்' என்று மெனுவில் முத்திரை போடலாம். வீட்டுக் கூரையை மூடியாகப் போட்ட ஒரு சட்டி, அதுதான் சின்னம். உறையிட்ட பாக்கெட்டைச் சுட வைத்துக் கொடுக்கிற உணவகங்கள் பெருகிப்போனதால் வந்த சட்டம். அதிலும் உறைந்த பச்சைக் காய்கறியில் சமைத்தால் செல்லும் என்று ஓட்டை இருந்தது, அதற்காகத் திட்டும் வாங்கினார்கள். ஆனாலும் பாருங்கள், யாருடைய கை சமைத்தது, எங்கே சமைத்தது என்பது ஒரு நாட்டின் சட்டசபை வரைக்கும் போகிற கேள்வி. பெரியப்பா சோறு போட்டுக்கொண்டே கேட்ட அதே கேள்வி.

அந்தச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ரட்டட்டூய் என்பது நீஸ் பக்கத்து ஏழைப் பதார்த்தம். கத்திரிக்காய், சுக்கினி, தக்காளி, குடைமிளகாய், வெங்காயம் போட்டு ஆலிவ் எண்ணெயில் வதக்கியது. என் அம்மாவிடம் காட்டினால் "கத்திரிக்காய் வதக்கல், புளி போட மறந்துட்டான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். படத்தில் வருகிற, மெல்லிய வில்லைகளை விசிறி மாதிரி அடுக்கிய அழகு வடிவம் மிஷேல் கெரார் என்ற சமையல்காரர் 1976-ல் செய்தது. பெயர் 'கோன்ஃபி பியால்டி'. துருக்கியரின் 'இமாம் பயில்டி' என்ற கத்திரிக்காய்ப் பதார்த்தத்திலிருந்து வந்த பெயர். கெல்லர் அதைத் தன் பாணியில் மாற்றிப் படத்துக்குக் கொடுத்தார். ஒரு கிண்ணத்துக்குள் ஏழைச் சமையலறை, துருக்கிச் சமையலறை, பிரெஞ்சு மேதை, அமெரிக்க மேதை என்று இத்தனை பேர். விமர்சகர் ஈகோ ஒரு வாய் வைத்ததும் அம்மா வீட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறாரே, அது சும்மா இல்லை. அங்கேயும் அவருக்கு ஞாபகம் வருவது சுவை மட்டுமில்லை, சமைத்த ஆள். அடுத்து அவர் என்ன கேட்கிறார்? இதைச் சமைத்தவரைப் பார்க்க வேண்டும் என்கிறார். கடையே காலியாகும்வரை காத்திருந்து பார்க்கிறார்.

நான் அதைக் கேட்கவில்லை. போட்டோ எடுத்தேன்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். பூங்காவில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போடுகிறார்கள், அங்கே போய்ச் சமையல்காரர் வரலாறு கேட்டால் நடக்கிற காரியமா? நடக்கும். நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மேஜைக்கு ஒரு மெனு அட்டை அச்சடிக்கிறீர்கள் அல்லவா, அதன் மூலையில் இன்று அடுப்பில் யார், பாத்திரத் தொட்டியில் யார் என்று முதல் பெயர் மட்டும் போடுங்கள். சுவரில் ஒரு கரும்பலகை. இல்லாவிட்டால் எலி எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு சின்ன ஜன்னல், சமையலறைப் பக்கம். இவ்வளவு பெரிய ஜாம் மூடி செய்யத் தெரிந்தவர்களுக்கு ஒரு ஜன்னலா கஷ்டம்? சொல்லப்போனால் அதுதான் படத்தின் முதல் பாதியின் படமே: கூரைக் கண்ணாடி வழியாக எலி சமையலறையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொருவரும் யார் என்று அடையாளம் சொல்வது!

எல்லா அனிமேஷன் சாப்பாட்டுக் கடையும் இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று இல்லை. டோக்கியோ பக்கம் மிதாகாவில் கிப்லி மியூசியம் 2001-ல் திறந்தது. மியாசாகி படங்களின் வீடு. அங்கே ஒரு சின்ன உணவகம் உண்டு, 'வைக்கோல் தொப்பி' என்று பெயர். நான் போனதில்லை, அதனால் சாப்பாட்டைப் பற்றிப் பேச மாட்டேன். ஆனால் அந்த மியூசியத்தின் கட்டடத்துக்குள் போட்டோ எடுக்க அனுமதி இல்லை. கண்ணால் பார்த்துவிட்டுப் போ என்கிறார்கள். இந்த ஒரு விதி பாரிஸில் இருந்திருந்தால் நான் தலையை நிமிர்த்திக்கொண்டு, தட்டைக் கொண்டுவந்து வைத்த கையையாவது பார்த்திருப்பேன் என்று நினைக்கிறேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிற சாக்கு என்று நீங்கள் சொன்னால் அதுவும் சரிதான்.

கிளம்புகிற முன்தினம் ராத்திரி பெரியப்பாவுக்கு லேப்டாப்பில் படத்தைப் போட்டுக் காட்டினோம். அவர் பார்த்ததே இல்லையாம். படம் பார்க்கிற மாதிரியே பார்க்கவில்லை, வேலை மேற்பார்வை பார்க்கிற மாதிரி பார்த்தார். கொலெத் வெங்காயம் நறுக்கினபோது "கை சரி" என்றார். சமையல்காரர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியேறுகிற காட்சியில் "அந்த மாசச் சம்பளத்தையும் விட்டுட்டே போறாங்கள்?" என்று கவலைப்பட்டார். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். ரெமி கூரையிலிருந்து முதன்முதலாகச் சமையலறைக்குள் விழுகிற இடம். நேராகப் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் விழும், சோப்புத் தண்ணீரில்.

"உதுக்குள்ளைதான் தம்பி நானும் முதல்முதல் விழுந்தனான்," என்றார். "சரி, விடும், ஓடட்டும்."

நாங்கள் திரும்பிய திங்கட்கிழமை அவருக்குக் காலை எட்டு மணிக்கு வேலை. என்ன கடை, எங்கே என்று கேட்காதீர்கள். அங்கே சாப்பிடுகிறவர்களுக்கு அவர் பெயர் தெரியாது, நான் இங்கே சொல்லி மாட்டிவிடப் போவதில்லை. எனக்கு அந்தச் சனிக்கிழமை ஷிஃப்ட் இருந்தது. தொட்டிக்கு மேலே சுவரில் சின்னதாக ஒரு காகிதம் ஒட்டினேன், அன்று வேலையில் இருந்த ஆறு பேர் பெயரையும் எழுதி. முதலாளி பார்த்துவிட்டு எதற்கு என்றார். படம் ஒன்று பார்த்தேன் என்றேன். ஈரத்தில் இரண்டே நாளில் உரிந்து விழுந்துவிட்டது. மறுபடி ஒட்டியிருக்கிறேன், இந்த முறை பிளாஸ்டிக் உறை போட்டு.

அடுத்து யாராவது ரெமி கடைக்குப் போகிறவர்கள் இருந்தால் தாராளமாகப் போங்கள், நாற்காலியில் ஏறி உட்காருங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே மேஜை பதிவு செய்துவிடுங்கள், ஆர்.ஈ.ஆர். 'ஏ' ரயிலில் கடைசி ஸ்டேஷன் ஷெஸ்ஸி, இறங்கினால் பூங்கா வாசல். ரட்டட்டூய் வந்ததும் பரிமாறுகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இன்றைக்கு உள்ளே யார்? பதில் வந்தால் எனக்கு எழுதுங்கள். பெரியப்பாவும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.